கார் கழுவுறது ஒரு ஹாபியா பாஸ்?



உங்க கேங்ல கண்டிப்பா இப்படி ஒருத்தர் இருப்பார். ஞாயித்துக்கிழமை காலையில போன் போட்டு, 'படத்துக்கு வர்றியா?'னு கேட்டா, 'இல்லடா மாப்ள, காருக்கு வேலை இருக்கு'ம்பார். பாவம், ஏதோ ரிப்பேர்னு நினைச்சு வீட்டுக்குப் போய்ப் பார்த்தா... மனுஷன் பல் தேய்க்கிற பிரஷ்ஷை வெச்சு ஏசி ஜன்னலோட இடுக்கைத் தேய்ச்சிட்டு உட்கார்ந்திருப்பார்!

இதுக்குப் பேரு 'டீட்டெயிலிங்'. வாட்டர் வாஷ்ங்கிறது வேற. அங்கே பிரஷர்ல தண்ணி அடிச்சு, நுரை பூசி, துடைச்சு, சாவியைக் கையில குடுத்துடுவாங்க. டீட்டெயிலிங்ல வண்டியோட ஒவ்வொரு இஞ்ச்சையும் தனித்தனியா கவனிக்கணும். பெயின்ட், டயர், சீட், டேஷ்போர்டு, கதவு இடுக்கு, வீலுக்கு உள்பக்கம்னு லிஸ்ட் நீளும். ஒரு நாள் முழுக்க ஆகும். முதுகு ஒடியும். அடுத்த நாள் மழை பெஞ்சா அழுகையும் வரும்.

'இதெல்லாம் ஒரு ஹாபியா? வேலையத்த வேலை!'னு வீட்டுல திட்டு விழுது. கோயம்புத்தூர்ல இது சின்ன விஷயம் இல்லை. ஃபார்முலா ஒன் ஓட்டின முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனைத் தந்த ஊர் இது. செட்டிபாளையத்துல கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கு. அவிநாசி ரோட்டுல கார்களுக்குனே 2015-ல ஒரு மியூசியம் திறந்தாங்க. வண்டினா உயிரை விடுற ஊர்ல, வண்டியைத் தேய்க்கிறது உருப்படியான வேலையா, வெட்டி வேலையானு ஒரு பஞ்சாயத்து வெச்சே ஆகணும். வாங்க, ஆலமரத்தடியில உட்காருவோம்.

எதிர்த்தரப்பு என்ன சொல்லுது?

மூணு குற்றச்சாட்டு. ஒண்ணு காசு, ரெண்டு நேரம், மூணு தண்ணி.

காசு கணக்கு நிஜம். ஷாம்பு, மைக்ரோஃபைபர் துணி, வேக்ஸ்னு ஆரம்பிக்கிறவங்க, ஆறே மாசத்துல பாலிஷ் மெஷின் விலை விசாரிச்சிட்டிருப்பாங்க. நேரமும் நிஜம். அரியர் மூணு இருக்கிறப்ப அலாய் வீலுக்குப் பாலிஷ் போடுறவனை எந்த அப்பாவும் கொஞ்ச மாட்டார்.

மூணாவதுதான் நம்ம ஊருக்கு ரொம்ப முக்கியம். உங்க வீட்டு ஹோஸைத் திறந்து, 20 லிட்டர் வாளி நிறைய எவ்வளவு நேரம் ஆகுதுனு ஒரு தடவை பாருங்க. 90 செகண்ட் ஆச்சுனு வெச்சுக்குவோம். 15 நிமிஷம் ஹோஸைத் திறந்துவிட்டுக் கழுவினா 10 வாளி. அதாவது 200 லிட்டர்! அவிநாசி, அன்னூர் பக்கம் குளம் குட்டை நிறையணும்னு தலைமுறை தலைமுறையா கேட்டு, அத்திக்கடவு - அவிநாசி திட்டத்தை 2024-லதான் தொடங்கி வெச்சாங்க. அப்படி ஒரு மண்ணுல பைப்பைத் திறந்துவிட்டுட்டு செல்போன் பேசுறது பாவம் பாஸ். வாளி முறையில கழுவினா மூணு வாளிக்குள்ள வேலையை முடிச்சிடலாம். எப்படினு கீழே சொல்றேன்.

ஒரு ஜெராக்ஸ் பேப்பர் கதை

இப்போ டீட்டெயிலிங் பார்ட்டியோட வாதம். உங்க காரோட பெயின்ட் எவ்வளவு தடிமன் இருக்கும்? அடியில துருவைத் தடுக்கிற ஒரு கோட், அதுக்கு மேல பிரைமர், அதுக்கு மேல கலர், எல்லாத்துக்கும் மேல கண்ணாடி மாதிரி ஒரு 'கிளியர் கோட்'. இத்தனையும் சேர்ந்தே சுமார் 100-லேர்ந்து 150 மைக்ரான்தான். நாம ஜெராக்ஸ் எடுக்கிற பேப்பர் ஒண்ணோட தடிமன் கிட்டத்தட்ட 100 மைக்ரான். பளபளப்பைத் தர்ற கிளியர் கோட் இதுல பாதிகூடத் தேறாது.

அதனாலதான் அழுக்கு காரைக் காஞ்ச துணியால துடைக்காதீங்கனு கதறுறாங்க. ரோட்டுப் புழுதியில இருக்கிற மணலுக்குக் கடினம் அதிகம். துணிக்கும் பெயின்ட்டுக்கும் நடுவுல மாட்டினா அது உப்புத்தாள்தான். ராத்திரி செல்போன் டார்ச்சை பானெட் மேல அடிச்சுப் பாருங்க. லைட்டைச் சுத்தி சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமா கோடு தெரியுதா? டார்ச்சை நகர்த்தினா வட்டமும் கூடவே நகரும். நிஜத்துல அந்தக் கீறல் எல்லாம் வட்டமா இல்லை. கன்னாபின்னானு எல்லா திசையிலயும் இருக்கு. வெளிச்சத்தைச் சுத்தி வளையற மாதிரி அமைஞ்ச கீறல் மட்டும் மின்னுறதால, நம்ம கண்ணுக்கு வட்டமா தெரியுது. டெய்லி காலையில அப்பா பாசமா தூசி தட்டின கைரேகை அதுதான்!

அப்போ பாலிஷ் போட்டா போயிடுமா? போகும். ஆனா, பாலிஷ் கீறலை நிரந்தரமா நிரப்புறதில்லை. கீறலோட ஆழம் வரைக்கும் சுத்தி இருக்கிற கிளியர் கோட்டைச் சீவி எடுக்குது. வங்கியில போட்ட பணம் மாதிரி, எடுக்க எடுக்கக் குறையும். திரும்பப் போட வழியே இல்லை. மாசாமாசம் ரப்பிங் காம்பவுண்ட் போடுறவர் தன் காரை நேசிக்கலை. கொஞ்சம் கொஞ்சமா உரிச்சிட்டிருக்கார்.

நம்ம ஊரு அழுக்கு தனி ரகம்

வெளிநாட்டு வீடியோவைப் பார்த்து அப்படியே செஞ்சா இங்கே வேலைக்கு ஆகாது. ஏன்னா, கொங்கு நாட்டு அழுக்குக்குத் தனி ஜாதகம்!

கோவையில பவுண்டரி இருக்கிற ஏரியாவுல வெள்ளை கார் வெச்சிருக்கீங்களா? மேலே குட்டிக்குட்டியா ஆரஞ்சுப் புள்ளி இருக்கும். உடனே 'கார் துரு பிடிச்சிருச்சு'னு பதறாதீங்க. காத்துல வர்ற இரும்புத் துகள் பெயின்ட் மேல ஒட்டிக்கிட்டுத் துருப்பிடிக்குது. பிரேக் டிஸ்க் தேயற தூளும் இதே வேலையைச் செய்யும். இதைக் கரைக்க ஒரு திரவம் இருக்கு. அடிச்ச சில நிமிஷத்துல இரும்போட சேர்ந்து ஊதா கலர்ல வழியும். நாத்தம் மட்டும் குடலைப் பிரட்டும்! கெமிஸ்ட்ரி லேப்ல தூங்கினவங்க முழிச்சுப் பார்க்க வேண்டிய காட்சி.

அடுத்தது, உப்புத் தண்ணி. 'நல்ல தண்ணி'க்கும் 'உப்புத் தண்ணி'க்கும் வித்தியாசம் நம்ம ஊரு குழந்தைக்குக்கூடத் தெரியும். போர் தண்ணியில கால்சியம், மெக்னீசியம் உப்பு அதிகம். மொட்டை வெயில்ல கழுவினா தண்ணி ஆவியாகி, உப்பு மட்டும் வெள்ளை வட்டமா பெயின்ட்ல உட்கார்ந்துக்கும். அதுக்காகக் குடிக்கிற சிறுவாணித் தண்ணியைத் தூக்கி காருக்கு ஊத்தாதீங்க. சாயங்காலமோ விடியக்காலையோ நிழல்ல வெச்சுக் கழுவி, காயறதுக்குள்ள துடைச்சா போர் தண்ணியே போதும்.

ஆனி, ஆடியில பாலக்காட்டுக் கணவாய் வழியா அடிக்கிற காத்து இருக்கே... கழுவி முடிச்சுத் திரும்புறதுக்குள்ள பொள்ளாச்சி ரோட்டுப் புழுதி முழுக்க வண்டி மேல வந்து உட்கார்ந்திருக்கும். அந்த ரெண்டு மாசம் டீட்டெயிலிங்குக்கு லீவு விட்டுட்டு நிம்மதியா படிக்கலாம். யாரும் கேட்க மாட்டாங்க.

சரி, எப்படிக் கழுவணும்?

ரெண்டு வாளி எடுத்துக்குங்க. ஒண்ணுல ஷாம்பு தண்ணி, இன்னொண்ணுல வெறும் தண்ணி. முதல்ல சொம்புல தண்ணி மொண்டு ஊத்தி மேலோட்டமான மண்ணை இறக்குங்க. அப்புறம் ஷாம்பு வாளியில துணியை முக்கி, மேலேர்ந்து கீழே ஒரு பகுதியை மட்டும் கழுவுங்க. துணியைத் திரும்பவும் ஷாம்புல போடாதீங்க. வெறும் தண்ணி வாளியில அலசி, மண்ணை அங்கேயே விட்டுட்டு அப்புறம்தான் ஷாம்பு. ரூஃப் முதல்ல, வீல் கடைசியில. வீல் துடைச்ச துணி பெயின்ட் பக்கமே வரக் கூடாது. அலசுறதுக்கு மூணாவது வாளி. அவ்வளவுதான்!

பாத்திரம் கழுவுற சோப்பு, துணி சோப்புத் தூள் எல்லாம் வேண்டாம். அழுக்கோட சேர்த்து, மேல பூசின வேக்ஸையும் கழட்டிட்டுப் போயிடும். பழைய பனியன் துணியைவிட மைக்ரோஃபைபர் நல்லது. ஆனா, கீழே விழுந்த துணியைத் தட்டிட்டு மறுபடி யூஸ் பண்ணாதீங்க. ஒரே ஒரு மணல் போதும். பறவை எச்சம் விழுந்தா ஞாயித்துக்கிழமை வரைக்கும் வெயிட் பண்ணாதீங்க. அதுல இருக்கிற அமிலம் வெயில்ல பெயின்ட்டை அரிச்சுடும். ஈரத்துணியைக் கொஞ்ச நேரம் மேலே போட்டு, ஊறவெச்சு எடுங்க. சுரண்டக் கூடாது.

போனஸ் டிப்ஸ் ஒண்ணு. 'செராமிக் கோட்டிங் போடுங்க சார், 9 ஹெச் கடினம், கீறலே விழாது!'னு யாராவது சொன்னா, அந்த 9 ஹெச் எதுனு கேளுங்க. முதல் செமஸ்டர் இன்ஜினீயரிங் டிராயிங்ல ஹெச், 2 ஹெச், ஹெச்.பி-னு பென்சில் சீவினோமே, அதே அளவுகோல்தான்! 9 ஹெச் பென்சிலால கோடு போட்டாலும் கீறல் விழலைனு அர்த்தம். கனிமங்களுக்கு இருக்கிற மோஸ் அளவுகோலோட 9 வேற. அதுல மாணிக்கமும் நீலக்கல்லும்தான் 9. மணல்ல இருக்கிற குவார்ட்ஸ் அதே அளவுகோல்ல 7. பென்சில் பரீட்சையில பாஸான கோட்டிங், மணல் பரீட்சையில ஃபெயில் ஆகலாம். தண்ணி ஒட்டாது, கழுவுறது ஈஸி, அமிலத்தைக் கொஞ்சம் தாங்கும். அதெல்லாம் உண்மை. 'கீறலே விழாது'ங்கிறது மட்டும் சேல்ஸ்மேன் கவிதை.

மாட்டைக் குளிப்பாட்டுற கணக்கு

இவ்வளவு சொல்லியாச்சு. ஆனா, 'பளபளப்புக்காக ஒரு நாளைச் செலவு பண்ணலாமா?'ங்கிற கேள்வி அப்படியே நிக்குது இல்லையா? பளபளப்பு மட்டும்தான் லாபம்னா, என் தீர்ப்பு 'வேண்டாம்'தான். கடையில சில நூறு ரூபாய்ல முடியற விஷயம். நிஜமான லாபம் வேற இடத்துல இருக்கு.

எங்க அப்புச்சி வாழ்க்கையில கார் ஓட்டினதே கிடையாது. காளை மாடு வெச்சு ஏர் ஓட்டினவர். நாங்க காரைத் தேய்க்கிறதைப் பார்த்து எல்லாரும் கிண்டல் பண்ணப்ப அவர் மட்டும் பண்ணலை. "மாட்டைக் குளிப்பாட்டுறது மாடு அழகா இருக்கோணும்னு மட்டும் இல்லீங் சாமி. கைபோட்டுத் தேய்ச்சாத்தான் உண்ணி எங்கெ ஒட்டியிருக்குது, லாடம் எது ஆடுது, காயம் எங்கெ இருக்குதுனு தெரியும். கூலிக்காரன் குளிப்பாட்டுனா மாடு சுத்தமாவும். நாமளே குளிப்பாட்டுனா மாட்டுக்கு என்னனு தெரியும்"னார்.

இதையேதான் நமக்கு இன்-பிளான்ட் டிரெயினிங்ல சுவத்துல ஒட்டிவெச்சுக் காட்டுறாங்க. ஜப்பான் தொழிற்சாலைகளோட '5 எஸ்'ல மூணாவது எஸ், 'செய்சோ'. சுத்தம் செய்யறதுனு அர்த்தம். அதுக்கு அவங்க குடுக்கிற விளக்கம், 'சுத்தம் செய்வதே சோதனை செய்வது'. மெஷினை ஓட்டுறவரே தினமும் துடைச்சா, எங்கே ஆயில் கசியுது, எந்த போல்ட் லூஸ்னு முதல்ல அவருக்குத்தான் தெரியும். நம்ம ஊரு லேத் பட்டறையில ஆயுத பூஜைக்கு முந்தின நாள் பாருங்க. வருஷம் முழுக்க கிரீஸ் படிஞ்ச மெஷினைத் துடைக்கிறப்பத்தான், 'அட, இங்கெ ஒரு வெடிப்பு!'ங்கிற குரல் வரும். பூஜை மறுநாள்தான். கண்டுபிடிப்பு முந்தின நாளே நடந்துடும்.

கலங்கல் கிராமத்துல 1893-ல பிறந்த ஜி.டி.நாயுடு கதை தெரியும்தானே? ஹோட்டல்ல வேலை பார்த்துக் காசு சேர்த்து, வெள்ளைக்கார அதிகாரி ஒருத்தர்கிட்டேர்ந்து ஒரு ரட்ஜ் மோட்டார் பைக்கை வாங்கினார். வாங்கினதும் ஊர் சுத்தலை. அக்குவேறு ஆணிவேறா கழட்டி மாட்டி, அது எப்படி ஓடுதுனு தெரிஞ்சுக்கிட்டார். அதே மனுஷன் 1920-ல பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் நடுவுல பஸ் விட ஆரம்பிச்சார். பெரிய பஸ் கம்பெனியே வளர்ந்தது. நாம எல்லாரும் ஜி.டி.நாயுடு ஆகிடப் போறதில்லை. ஆனா, சொந்த வண்டியைத் தன் கையால தொட்டுப் பார்க்கிறதுல ஒரு படிப்பு இருக்குனு அவர் வாழ்க்கை சொல்லுது.

நேர்ல பார்த்த ஒரு விஷயம் சொல்றேன். கோபியில எங்க பெரியப்பாகிட்ட பழைய வேன் ஒண்ணு இருக்கு. போன வருஷம் தாளவாடியில ஒரு சொந்தக்காரங்க வீட்டு சீர். திம்பம் மலை வழியா குடும்பமே வேன்ல போறதா பிளான். திம்பத்துல 27 கொண்டை ஊசி வளைவு, ஞாபகம் வெச்சுக்குங்க! முதல் நாள் சாயங்காலம், நானும் அண்ணனும் வேனைக் கழுவ உட்கார்ந்தோம். பின்னாடி இடது வீலோட உள்பக்கத்தைத் தேய்க்கிறப்ப, அங்கே மட்டும் புழுதி சேறு மாதிரி அப்பியிருந்தது. மத்த மூணு வீலும் காஞ்சு கிடக்கு. அண்ணன் விரலால தொட்டுப் பார்த்தான். தண்ணி இல்லை, வழவழனு இருந்தது. பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பார்த்தா, அளவு கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது.

தெருமுனை மெக்கானிக் வந்து டிரம்மைக் கழட்டினார். வீல் சிலிண்டர்ல ரப்பர் தேய்ஞ்சு, பிரேக் ஆயில் கசிஞ்சிட்டிருக்கு. "மேடு ஏறுறப்ப தெரியாதுங் தம்பி. எறங்குறப்பத்தான் இது சோலியக் காட்டும்"னார். அவ்வளவுதான் சொன்னார். பெரியம்மா அன்னிக்கு ராத்திரி சாமி ரூம்ல ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாங்க. அடுத்த நாள் பஸ்லதான் போனோம்.

இதுல ஹீரோயிசம் ஒண்ணும் இல்லை. ஓட்டுறப்ப வண்டியைப் பார்க்க முடியாது, ரோட்டைத்தான் பார்க்க முடியும். நிறுத்தினதும் இறங்கிப் போயிடுறோம். ஒரு வண்டியோட டயர் ஓரத்துல வெடிப்பு இருக்கா, வீல் ஆர்ச்ல துரு ஆரம்பிச்சிருக்கா, அடியில ஈரம் இருக்கா, கதவு ரப்பர் பிஞ்சிருக்கா... இதையெல்லாம் பொறுமையா பார்க்கிறது கழுவுறப்ப மட்டும்தான். ரேஸ் டீம்கள் ஓட்டம் முடிஞ்சதும் காரைத் துடைச்சிட்டே இருக்கிறதும் வெறும் ஸ்பான்சர் ஸ்டிக்கர் தெரியறதுக்காக இல்லை. அழுக்கு வண்டியில கசிவு ஒளிஞ்சுக்கும், வெடிப்பு ஒளிஞ்சுக்கும்.

எப்போ வெட்டி வேலை?

ஹாபி எங்கே எல்லை தாண்டுதுனும் சொல்லிடணும். பரீட்சைக்கு முந்தின நாள் படிக்கப் பயந்து வாளியைத் தூக்கினா, அது ஹாபி இல்லை, எஸ்கேப். இ.எம்.ஐ-ல மெஷின் வாங்கினா அது ஹாபி இல்லை, தலைவலி. மழைத்துளி விழுந்தா மூட் அவுட், தங்கச்சி மணல் காலோட ஏறினா சண்டை, 'என் காரைத் தொடாதே'னு ஊரையே பகைச்சா... அப்போ நீங்க காரை வெச்சிருக்கலை, கார் உங்களை வெச்சிருக்கு!

இன்னொண்ணு. நமக்கு ஞாயித்துக்கிழமை பொழுதுபோக்கா இருக்கிறது, வாட்டர் வாஷ் கடையில நிக்கிற நம்ம வயசுப் பையனுக்கு வாரம் முழுக்கக் கூலி வேலை. நாள் பூரா ஈரத்துல நின்னு, கால் விரல் இடுக்கு வெந்துபோய் நிப்பான். ஒரே ஒரு காரை நீங்களே முழுசா கழுவிப் பாருங்க. அடுத்த தடவை அந்தக் கடைக்குப் போறப்ப, 'என்னங்க இன்னும் முடியலையா?'னு ஹாரன் அடிக்க மனசு வராது. 'டீ சாப்ட்டியா தம்பி?'னு கேட்கத் தோணும். இதுவும் அந்த ஹாபியோட லாபக் கணக்குல சேரும்.

பஞ்சாயத்து தீர்ப்பு

காட்டுறதுக்காகக் கழுவுனா வெட்டி வேலை. பார்க்கிறதுக்காகக் கழுவுனா உருப்படியான வேலை. மாசத்துக்கு ஒரு தடவை, மூணு வாளி தண்ணி, ரெண்டு மணி நேரம். பாலிஷ் வருஷத்துக்கு ஒண்ணுக்கு மேல வேண்டவே வேண்டாம்.

'எங்ககிட்ட கார் இல்லையே?'னு யாரோ கடைசி பெஞ்ச்லேர்ந்து கேட்குறது காதுல விழுது. அதனால என்ன பாஸ்? அப்பாவோட டிவிஎஸ் எக்ஸ்.எல். இருக்கா? பால் கேன் தூக்கி, தேங்கா மூட்டை தூக்கி, உங்களை ஸ்கூலுக்குத் தூக்கிப்போன வண்டி. அதோட செயினைக் கடைசியா யார் தொட்டுப் பார்த்தாங்க? பிரேக் கேபிள்ல எத்தனை இழை அறுந்திருக்கு? பின் டயர்ல பட்டன் மிச்சம் இருக்கா?

வர்ற ஞாயித்துக்கிழமை ஒரு வாளி, ஒரு பழைய பிரஷ், ஒரு துணி எடுங்க. உட்கார்ந்து தேய்ங்க. கையில ஏதாவது தட்டுப்பட்டா, திங்கக்கிழமை அப்பா வண்டியை எடுக்கிறதுக்கு முன்னாடி அவர்கிட்ட சொல்லிடுங்க!